கரையை விலைக்கு வாங்கிய கூனித்தீவு

எங்கள் கூனித்தீவின் அந்த வருடத்துப் பொருளாதார வளர்ச்சி மைனஸ் நாலு சதவீதம் என்று பெர்க்மான்ஸ் ஜெட்டியில் நின்று வாசித்தான். மறுநாள் விடியும்போது தீவு நாலு மைல் தள்ளிப் போயிருந்தது. அதை முதலில் கண்டுபிடித்தது காலை லாஞ்சு. வழக்கமாக இரண்டரை மணி நேரத்தில் பெரிய கரையில் போய் முட்டுகிற அந்த லாஞ்சு, அன்றைக்குக் கோழிக்கூடைகளோடும் கல்யாணத்துக்குப் புறப்பட்ட ஒரு குடும்பத்தோடும் அளந்து ஊற்றிய டீசலோடும் போய், கரை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தண்ணீரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்து, மேலும் ஓடி, டீசல் தீர்ந்து நின்றுவிட்டது. ஒரு விசைப்படகு கயிறு கட்டி இழுத்துப் போய்ச் சேர்த்தபோது தாலி கட்டிப் பந்தியும் முடிந்திருந்தது. கல்யாணத்தைத் தவறவிட்டதைவிடப் பிரியாணியைத் தவறவிட்டதைத்தான் அந்தக் குடும்பம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. கடலில் கிடக்கிற பொருள் நகராமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்று சூசை சொன்னார். அவர் சொந்தமாகப் பெரிய படகு வைத்திருப்பவர், ஆகவே அவர் சொன்னால் நாங்கள் தலையாட்டுவோம். ஆட்சிமன்றம், தீவு தற்காலிகமாக இடம் மாறியிருப்பதாகப் பலகை வைத்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரைபடத்தில் தீவை அழித்து ஒரு விரற்கடை தள்ளி வரைந்தார்கள். பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பொறுமையைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டுத் திங்கட்கிழமை உயரமான ஆன்டெனாவுக்கு ஆர்டர் கொடுத்தார். லாஞ்சு டிக்கெட் ஏறியது, ஐஸ்கட்டி பாதி உருகி வந்தது, சாயங்காலமானால் பெரிய கரையிலிருந்து வந்து புன்னை மரத்தில் அடைகிற காக்கைகள் வருவதை நிறுத்திக்கொண்டன. எல்லாவற்றுக்கும் பழகினோம். சோறு ஆயிற்றா என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்டால், இன்னும் நாலு மைல் இருக்கிறது என்று பதில் வருமளவுக்குப் பழகினோம்.

ஒரு வீடு மட்டும் பழகவில்லை. இன்னாசி எங்கள் தீவின் இன்ஜின் மெக்கானிக். அவர் கை படாத இன்ஜின் எங்கள் கரையில் கிடையாது. குனிந்தே வேலை செய்ததில் வந்த முதுகுவலிக்கு வருடக்கணக்காகப் பெட்டிக்கடை மாத்திரையை விழுங்கி விழுங்கி இரண்டு கிட்னியையும் தொலைத்திருந்தார். செவ்வாயும் வெள்ளியும் பெரிய கரை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் லாஞ்சு ஜெட்டிக்கு வராது, எட்டத்தில் நிற்கும். தொடையளவுத் தண்ணீரில் நடந்துபோய்த்தான் ஏற வேண்டும். நடக்க முடியாதவரை இரண்டு துடுப்புகளின் மேல் கட்டிய மர நாற்காலியில் வைத்து நாலு பேர் தோளில் தூக்கிப் போவார்கள். இந்த வாரம் இந்தத் தெரு, அடுத்த வாரம் அந்தத் தெரு. நாற்காலி முறை என்று அதற்குப் பெயர். அதற்குக் கூலி என்று ஒன்று உண்டென்று யாருக்கும் தோன்றியதில்லை. நாலு மைல் கூடியதில் மற்றவர்களுக்கு நேரம்தான் போயிற்று. இன்னாசிக்கு மூச்சு போயிற்று. கால் வீங்கி, முகம் வீங்கி, லாஞ்சின் பலகையில் சாய்ந்து அவர் இழுக்கிற ஒவ்வொரு மூச்சையும் அவர் மனைவி மரியதங்கம் தன் மூச்சை நிறுத்திக் கேட்டுக்கொண்டு போவாள்.

வளர்ச்சியைக் கணக்கிட்டு வாசிக்கிற பெர்க்மான்ஸ் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. பெரிய கரையில் படித்துப் புள்ளியியல் அலுவலராகத் திரும்பி வந்தவன். திருவிழாக் கொடி இறங்கிய மறுநாள் ஜெட்டியில் நின்று வருடத்து எண்ணை வாசிப்பது அவன் உத்தியோகம். முன்பெல்லாம் அதைக் கேட்க ஆட்சிமன்றத் தலைவரும் இரண்டு நாய்களும் மட்டும் வருவார்கள். தீவு நகர்ந்த பிறகு பெர்க்மான்ஸ் தெருவில் இறங்கினாலே ஆட்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள். சிரித்தால் எண் நன்றாக வருகிறது என்றார்கள். வயிற்றைப் பிடித்தால் பயந்தார்கள். அவனுக்கோ பிறவியிலேயே அல்சர்.

"தம்பி, ஒன் கணக்குல என்னதாம்ல சேரும்?" என்று மரியதங்கம் ஒருநாள் கேட்டாள்.

"விக்கிறதும் வாங்குறதும் சேரும்க்கா. சும்மா குடுக்கிறது சேராது."

"சட்டிமீன்?"

"சேராது."

"மச்சான நாலு பேரு தூக்கிட்டுப் போறாவளே, அது?"

"சேராது."

"நான் அவருக்கு ஆக்கிப் போடுதேன், துடைச்சி விடுதேன், புரட்டிப் படுக்க வைக்கேன்."

பெர்க்மான்ஸ் தலை குனிந்துகொண்டான். "அதெல்லாம் நடக்கவே இல்லங்கிற மாதிரிதான்க்கா."

"நடக்காததுக்கா எனக்கு இப்படி இடுப்பு வலிக்கி?" என்றாள் அவள்.

சட்டிமீன் என்பது எங்கள் வழக்கம். எந்தப் படகு கரை பிடித்தாலும் ஏலத்துக்கு முன்னால் ஒரு கூடை மீனை மணலில் தனியாகக் கொட்டுவோம். சட்டியோடு வருகிறவர் யாரானாலும் குனிந்து அள்ளிக்கொள்ளலாம், யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. படகு இல்லாதவள், புருஷன் இல்லாதவள், உடம்புக்கு முடியாதவன், சோம்பேறி, எல்லோரும் அதில்தான் குழம்பு வைத்தார்கள். தீவின் பாதி அடுப்பு சட்டிமீனில் எரிந்தது. அந்தப் பாதி தீவு பெர்க்மான்ஸின் கணக்கில் பட்டினி கிடந்தது.

அடுத்த வருடம் ஆட்சிமன்றத் தலைவர் ஒரு யோசனை செய்தார். எண் எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், ஜெட்டியில் நின்று பிளஸ் பத்து என்று வாசி என்று பெர்க்மான்ஸுக்கு உத்தரவு போட்டார். அவனும் மச்சான் உயிரை நினைத்து வாசித்தான். வாணவெடி விட்டோம். உண்மையான எண் மைனஸ் இரண்டு. விடிந்து பார்த்தால் தீவு சொல்லாத எண்ணுக்குக் கட்டுப்பட்டு இரண்டு மைல் தள்ளிப் போயிருந்தது. கடலுக்கு ஆட்சிமன்றத்தின் மேல் மரியாதை இல்லை என்று தலைவர் வருத்தப்பட்டார். பெர்க்மான்ஸுக்கு ஒரு வாரம் தொண்டை கட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து தீவைப் பயம் பிடித்தது. இப்படியே தள்ளித் தள்ளிப் போனால் ஒருநாள் எந்தக் கரைக்கும் சொந்தமில்லாத தண்ணீரில் போய் நிற்போம், தபால் வராது, டாக்டர் வரமாட்டார், யாரும் தேடமாட்டார்கள் என்று பகலிலேயே பேச ஆரம்பித்தோம். பேசிப் பேசி மீன் ஏலக்கூடத்தில் ஊர்க்கூட்டம் போட்டோம். அங்கேதான் சூசை எழுந்து நின்று அந்த யோசனையைச் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கண் கலங்கித்தான் சொன்னார்.

"இன்னாசி அண்ணன் நம்ம கண்ணு முன்னால மூச்சு முட்டுதாரு. கரை கிட்ட வந்தா அவரு பொழைப்பாரு. சும்மா குடுக்கிறதுதான கணக்குல சேர மாட்டேங்கு. அப்ப சும்மா குடுக்கிறத நிறுத்துவோம். எல்லாத்துக்கும் ஒரு வெல வைப்போம். எனக்கு நீ குடுக்கிறத நான் ஒனக்குக் குடுத்திருதேன். துட்டு ஊருக்குள்ளதான சுத்தப் போவுது? நட்டம் யாருக்கு?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதலில் கையைத் தூக்கியது மரியதங்கம்தான். அவள் தூக்கியதும் கூடம் முழுக்கத் தூக்கியது. அவளுக்காக எதையும் செய்யலாம் என்று அன்றைக்கு நாங்கள் எல்லோரும் நினைத்தோம், இன்னாசிமேல் எங்களுக்கு அவ்வளவு பாசம்.

அப்படித்தான் கூனித்தீவில் எல்லாவற்றுக்கும் விலை வந்தது. சட்டிமீன் தராசில் ஏறியது. நாற்காலி முறைக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கூலி வந்தது. மகளுக்குத் தலை பின்னிவிட்ட தாய் சில்லறை கேட்டாள். பின்னலுக்குத் தலை கொடுத்ததற்கு மகளும் கேட்டாள். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர் ஒரே புளிக்குழம்பை ஒருத்திக்கொருத்தி மூன்று நாள் விற்று வாங்கி, நாலாம் நாள் அது புளித்துப் போனதும் நஷ்டம் யாருக்கு என்று சண்டை போட்டார்கள். பீடிக்கு நெருப்புக் கொடுத்தவன் கையை நீட்டினான். சாமியாரைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னவர்களுக்கு அவர் பதில் சொல்லலாமா கூடாதா என்று புரியாமல் வெறுமனே சிரித்துவைத்தார், சிரிப்புக்கு விலை நிர்ணயிக்கப்படவில்லை. ஆரம்பத்தில் எங்களுக்கு இதெல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது. காலையில் கொடுத்த நோட்டு சாயங்காலம் எப்படியும் வீட்டுக்கு வந்துவிடும், எண்ணெய்ப் பிசுக்கோடும் மீன் வாடையோடும்.

அந்த வருடம் பெர்க்மான்ஸ் பிளஸ் ஏழு என்று வாசித்தான். நாங்கள் நம்பவில்லை, போன தடவைபோல வெடி விடாமல் காத்திருந்தோம். விடிந்தபோது காக்கைகள் புன்னை மரத்துக்குத் திரும்பி வந்திருந்தன. அதற்கடுத்த வருடம் பிளஸ் பதின்மூன்று. தீவு பெரிய கரைக்கு இரண்டு மைலில் போய் நின்றது. எங்கள் ஜெட்டியில் நின்றால் அங்கே ஓடுகிற பஸ் தெரிந்தது. ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கட்டடம் தெரிந்தது. லாஞ்சு ஏறி உட்கார்ந்து வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் இறங்க வேண்டியதாயிற்று. இன்னாசியின் கால் வீக்கம் வடிந்தது. ஒருநாள் அவர் வாசலில் உட்கார்ந்து ஒரு கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்ததை நாங்கள் கூட்டமாக நின்று பார்த்தோம். மரியதங்கம் அன்றைக்குத் தெருவுக்கே அப்பம் சுட்டுக் கொடுத்தாள். நாங்கள் காசு கொடுத்துத்தான் வாங்கினோம்.

கரை கிட்டே வந்ததும் கரையின் ஆட்களும் வந்தார்கள். நகரும் தீவைப் பார்க்க என்று குடும்பம் குடும்பமாக வந்தார்கள், செருப்பை நனைக்க மாட்டார்கள், தொடையளவுத் தண்ணீரில் தூக்கிப்போகச் சொல்லிக் கேட்ட கூலியைக் கொடுத்தார்கள். எங்கள் நோட்டுகள் வீடு திரும்பும் வழி அங்கேதான் தவறிப்போயிற்று. தோளுக்கு விலை ஏறியது. கடல் வற்றிய நாளில் இரட்டிப்பாயிற்று. மீனுக்கு ஏறியது. வேலைக்குப் போக முடியாத ஒரு வீட்டுக்கு மட்டும் எதுவும் திரும்பி வரவில்லை. மரியதங்கம் தையல் மெஷினை விற்றாள், தோட்டை விற்றாள், அதெல்லாம் விற்பனை என்பதால் அந்த வருடத்து வளர்ச்சியில் அழகாகச் சேர்ந்தது.

இப்படி இருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை. நாற்காலி தூக்க வழக்கமாக வருகிற கஸ்பாரும் மற்ற மூன்று பேரும் வரவில்லை. பெரிய கரையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் நாற்பது பேர் வருகிறார்கள் என்று விடியும்போதே எட்டத்தில் போய் நின்றிருந்தார்கள். மரியதங்கம் ஒற்றை ஆளாக இன்னாசியை நாற்காலியோடு இழுத்து ஜெட்டி நுனிவரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். அதற்குமேல் தண்ணீர். லாஞ்சு கூப்பிடு தூரத்தில் நின்றது. கஸ்பார் ஒரு வெள்ளைத் தொப்பிக்காரரைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் பக்கமாகவே கடந்து போனான்.

"மைனி, இவங்கள எறக்கிட்டு வந்திருதேன்" என்றான். பொய் சொல்லவில்லை, வரத்தான் நினைத்தான். இறக்கிவிட்டுத் திரும்பினால் இன்னொருவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

லாஞ்சு போய்விட்டது. இன்னாசி நாற்காலியில் சாய்ந்து எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கம், நம்ம வார்டு ஜன்னலு தெரியுது பாரு" என்றார். "பச்சைத் திரை போட்டிருக்கான்."

அவள் பார்த்தாள். தெரிந்தது. வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு வந்த வழியே அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு போனாள். பலகையில் கால்கள் உரசுகிற சத்தம் ஏலக்கூடம்வரை கேட்டது. அன்று ராத்திரி இன்னாசியால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார்.

மறுநாள் காலை சூசையின் படகு கரை பிடித்தபோது மரியதங்கம் சட்டியோடு மணலில் நின்றாள். அங்கே அப்படி ஒருத்தி சட்டியோடு நின்று இரண்டு வருடத்துக்குமேல் ஆகியிருந்தது. தராசுக்காரன் தன் தட்டைப் பார்த்தான், சூசையைப் பார்த்தான். வலையில் மீன் கழித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"எத்தன கிலோ மைனி?" என்றார் சூசை.

"கிலோ இல்ல. சட்டி."

சூசை குரலைத் தணித்துக்கொண்டார். "மைனி, வெல இல்லாமக் குடுத்தா கணக்குல கொறையும். இன்னைக்கு ஒங்களுக்குக் குடுத்தா நாளைக்கு இன்னொருத்தி வருவா. தீவு போயிரும். ஆஸ்பத்திரிக்குப் போறது நீங்க. ஒங்களுக்குத்தான் தூரம்."

"தெரியும் சூச" என்றாள் மரியதங்கம். "நேத்து ஜெட்டியில இருந்து ஆஸ்பத்திரி ஜன்னலப் பாத்தேன். திரை என்ன கலருன்னு தெரிஞ்சுது. அவ்வளவு தூரத்துல நான் ஒருநாளும் இருந்தது இல்ல."

சூசை படகின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு ஒரு கூடையை எடுத்து மணலில் கவிழ்த்தார். நாங்கள் எல்லோரும் எங்களை அறியாமல் பெரிய கரைப் பக்கம் திரும்பி, அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். இருந்தது. அவள் குனிந்து அள்ளினாள். அவளைப் பார்க்காமல் இருக்க நாங்கள் பழையபடி வேறெங்கோ பார்க்க வேண்டியிருந்தது, அது கைவரக் கொஞ்சம் நேரமாயிற்று. வெள்ளிக்கிழமை கஸ்பாரும் மற்ற மூன்று பேரும் அவள் வாசலில் வந்து நின்றார்கள். கூலி பேசவில்லை. கஸ்பார் இன்னாசியின் முகத்தைப் பார்க்காமல் துடுப்பை மட்டும் தோளில் ஏற்றினான்.

அதற்குப் பிறகு தீவில் நடந்ததை என்னவென்று சொல்வது. கொடுக்க ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை, கொடுக்கவும் பயமாக இருந்தது. திருடர்களைப்போலக் கொடுத்தோம். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு கிண்ணம் குழம்பை வைத்துவிட்டு ஓடினோம். பீடிக்கு நெருப்புக் கொடுத்துவிட்டுப் பதறிப்போய் ஜெட்டிப் பக்கம் பார்த்தோம். மகளுக்குத் தலை பின்னும்போது தாய் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆட்சிமன்றம், விலையின்றிக் கொடுப்பதும் பெறுவதும் தண்டனைக்குரியது என்று பலகை வைத்தது. அந்தப் பலகையை எழுதிக் கொடுத்த பெயிண்டர் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகத் தலைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

பெர்க்மான்ஸ் மெலிந்துபோனான். ஒருநாள் அக்கா வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, இது போன வருஷத்தோட ஒப்பிட்டுப் பாக்கிற கணக்கு. போன வருஷம் வித்த அம்புட்டையும் இந்த வருஷம் சும்மா குடுத்தா அம்புட்டும் கொறையும். பழையபடி ஆகிறோம்னு ஊர்ல சந்தோசப்படுதாவ. பழையபடி ஆகிறதுதான்க்கா பெரிய வீழ்ச்சி."

"எம்புட்டுப் போவும்?"

"இருபதுக்கு மேல."

"லாஞ்சுல எத்தன மணி நேரம்?"

"நாலு. காத்து எதிர்த்தா அதுக்கும் மேல."

"நாலு மணி நேரம் இவரு தாங்குவாராலே?"

அதற்குக் கணக்குப் போட அவனுக்குத் தெரியவில்லை. "பெரிய கரையில ஒரு ரூம் பாத்துத் தாரேன்க்கா. ஆஸ்பத்திரி பக்கத்துலயே. வாசிக்கிறதுக்கு முன்னால போயிருங்க. நான் சம்பளத்துல வாடகை குடுக்கேன்."

உள்ளேயிருந்து இன்னாசி பேசினார். அவர் விழித்திருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது. "மச்சான், அந்த ஊர்ல மாடி ஏறணும்னா எவன் வந்து நாற்காலியப் பிடிப்பான்? நாலு மணி நேரம்னா நாலு மணி நேரம். இன்ஜின் நல்லாத்தான இருக்கு, நான் பாத்த இன்ஜின்தான்." சொல்லிவிட்டு நெடுநேரம் இருமினார். மரியதங்கம் எழுந்து உள்ளே போனாள். பெர்க்மான்ஸ் படியில் உட்கார்ந்து அழுதான், அக்கா மகனாக ஒருவன் இருந்திருந்தால் தோளைத் தட்டியிருப்பான், அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

திருவிழாக் கொடி இறங்கியது. மறுநாள் தீவே ஜெட்டியில் நின்றது. பெர்க்மான்ஸ் கையில் காகிதம் இல்லாமல் வந்தான். மைனஸ் இருபத்திரண்டு என்றான். ஒரு பெண் தன் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். நாங்கள் வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைத் தரையில் இறக்கிவைத்தோம், ஏற்கெனவே அனுபவம் இருந்ததால். இந்தத் தடவை நகர்வதை உடம்பிலேயே உணர்ந்தோம்: படுத்திருக்கையில் பாய் மெல்லச் சரிவதுபோல இருந்தது, கிணற்றுத் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது, காக்கைகள் இருட்டிலேயே கலைந்து பெரிய கரைப் பக்கம் பறந்து போயின.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர். மரியதங்கம் இன்னாசியைக் குளிப்பாட்டி வெள்ளை வேட்டி கட்டி நாற்காலியில் உட்கார்த்தி வாசலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். போக நாலு, வர நாலு, ஆஸ்பத்திரியில் நாலு; கூடப் போகிறவனுக்கு அன்றைய கடல்தொழில் போயிற்று, வாரம் இரண்டு தடவை இப்படியே போகும். ஒரு தடவை, இரண்டு தடவை தூக்குவார்கள், மூன்றாவது தடவை யார் வருவார்கள் என்று அவள் நினைத்திருப்பாள். நாங்களும் அதையேதான் நினைத்தோம். அவரவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று, யாராவது போகிறார்களா என்று இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. அவள் ஒரு தடவை தெருவின் அந்தக் கோடிவரைக்கும் பார்த்தாள். பிறகு குனிந்து, துடுப்பின் ஒரு முனையைத் தானே பிடித்தாள்.

யார் கதவு முதலில் திறந்தது என்று இன்றைக்கும் தகராறு இருக்கிறது. கஸ்பார் தன் கதவு என்கிறான், சூசை தன்னுடையது என்கிறார். எல்லாக் கதவும் திறந்தது என்பதே உண்மை. நாலு பேர் பிடிக்க வேண்டிய நாற்காலியைப் பதினாறு கை பிடித்தது, பிடிக்க இடம் கிடைக்காதவர்கள் பின்னால் நடந்தார்கள், பெண்கள் தூக்குச்சட்டியில் கஞ்சியும் துவையலும் எடுத்துக்கொண்டு வந்தார்கள், பெர்க்மான்ஸ் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வந்தான், சாமியார்கூட அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். லாஞ்சு தண்ணீரில் அமுங்கியது. ஓட்டுகிறவர் பாதிப் பேரை இறங்கச் சொன்னார். யாரும் இறங்கவில்லை, அவரும் டிக்கெட் கேட்கவில்லை.

முதல் மணி நேரம் பேச்சும் சிரிப்புமாகப் போயிற்று. இரண்டாவது மணி நேரத்தில் எதிர்க்காற்று வந்தது. மூன்றாவது மணி நேரத்தில் இன்னாசியின் உதடு நிறம் மாறியது. மரியதங்கம் அவர் முதுகுப் பின்னால் உட்கார்ந்து தன் மார்பில் அவரைச் சாய்த்துக்கொண்டாள். மூச்சு வருகிறது, நிற்கிறது, பிறகு எங்கிருந்தோ திரும்பி வருகிறது. நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு இன்ஜினையும் அந்த மூச்சையும் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்களுக்குப் பயமாக இருந்தது. சட்டிமீனை விற்காமல் இருந்திருந்தால், அல்லது விற்றுக்கொண்டே இருந்திருந்தால் என்று ஒவ்வொருவரும் உள்ளுக்குள் கணக்குப் போட்டோம்.

கண்ணைத் திறக்காமல் இன்னாசி கேட்டார். "கரை தெரியுதா?"

லாஞ்சின் முன்முனையான அணியத்தில் நின்ற கஸ்பார் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தான். நாங்களும் எழுந்து பார்த்தோம், லாஞ்சு ஒரு பக்கம் சாய்ந்தது. தண்ணீர், அதற்குமேல் வெயில், அதற்குமேல் ஒன்றுமில்லை.

"தெரியுதுண்ணே" என்றான் கஸ்பார்.

"தெரியுது" என்றார் சூசை. "தெரியுது மச்சான்" என்றான் பெர்க்மான்ஸ். சாமியார் தெரிகிறது என்றார், பெண்கள் தெரியுது தெரியுது என்றார்கள், லாஞ்சு ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்காமலே தெரியுது என்றார். மரியதங்கம் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியில் அவர் காதருகே குனிந்து, பஸ் போறதுகூடத் தெரியுது என்றாள்.